காலனிய அமெரிக்காவில் ஒரு கொல்லர் வீடு: உலையும் குடும்பமும் கணக்குப் புத்தகமும்

கேள்வி: 1600, 1700களில் அமெரிக்கக் குடியேற்றங்களில் ஒரு கொல்லர் எப்படி வாழ்ந்தார்? மனைவி மக்களுக்குத் தொழிலில் என்ன பங்கு இருந்தது? நாள் முழுக்கக் குதிரைக்கு லாடம்தான் அடித்துக்கொண்டிருந்தாரா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கினால் மற்றவை எளிதாகப் பிடிபடும். லாடம் அவருடைய வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். வர்ஜீனியாவின் கடலோரச் சமவெளியில் மண் மணற்பாங்கானது, குளம்பு அதிகம் தேயாது. அங்கே பல குதிரைகள் லாடமே இல்லாமல் நடந்தன; சிலவற்றுக்கு முன்னங்கால்களில் மட்டும் அடித்தார்கள். கல்லும் பனிக்கட்டியும் நிறைந்த நியூ இங்கிலாந்தில் லாட வேலை கூடுதல்தான். ஆனால் அங்கே ஏரையும் மரத்தையும் இழுத்தவை பெரும்பாலும் காளைகள். பிளந்த குளம்பு என்பதால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு, ஒரு மாட்டுக்கு எட்டு லாடம். ஒரு காலைத் தூக்கிப் பிடித்தால் குதிரையைப் போல மூன்று காலில் நிற்க மாட்டுக்கு வராது. அதனால் மரச்சட்டத்துக்குள் மாட்டை நிறுத்தி, வயிற்றுக்கடியில் அகலமான தோல்பட்டை கொடுத்து, எடையைத் தூக்கிவிட்டு, காலைச் சட்டத்தோடு கட்டிய பிறகுதான் ஆணி இறங்கும்.

உலைக்கு அன்றாடம் வந்தவை உடைந்த சாமான்கள். தேய்ந்த கொழு, மழுங்கிய கோடரி, அறுந்த சங்கிலி, முறிந்த கீல், காது போன சட்டி. புகையிலை விளைந்த வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் மண்வெட்டிகள் குவிந்தன. வேர் பறிக்க ஒன்று, மண் அணைக்க ஒன்று, களை கொத்த ஒன்று என்று அவற்றிலேயே மூன்று ரகம். புதிதாகச் செய்வதைவிடப் பழையதைக் காப்பாற்றுவதே இந்தத் தொழிலின் பெரும்பகுதி. அதற்குக் காரணம் இரும்பின் விலை.

1607 இல் ஜேம்ஸ்டவுனில் இறங்கிய முதல் கூட்டத்திலேயே ஜேம்ஸ் ரீட் என்ற கொல்லர் இருந்தார்; ஆனால் அவர் அடிக்க வேண்டிய இரும்பு கடல் தாண்டி வரவேண்டியிருந்தது. வர்ஜீனியாவின் ஃபாலிங் கிரீக்கில் இரும்பு உருக்க எடுத்த முயற்சி 1622 மார்ச் 22 அன்று பவ்ஹாட்டன் என்ற பூர்வகுடி மக்கள் நடத்திய தாக்குதலோடு முடிந்துபோனது. மாசசூசெட்ஸில் சாகஸ் இரும்பாலை 1646 இல் ஓடத் தொடங்கி, கால் நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. இடம்பெயர்கிறவர்கள் ஆணிகளுக்காகத் தங்கள் பழைய வீட்டையே கொளுத்தினார்கள். சாம்பலைச் சலித்து ஆணி பொறுக்கிக்கொண்டு போனார்கள். வர்ஜீனியச் சட்டமன்றம் 1645 வாக்கில் இதைத் தடுத்துச் சட்டம் போட்டது. வீட்டை எரிக்காமல் விட்டுப்போனால், அதில் எத்தனை ஆணி இருக்கும் என்று சார்பற்ற இருவர் மதிப்பிட, அத்தனை ஆணி அவருக்குக் கொடுக்கப்படும். ஆணியின் அருமையைச் சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

1700களில் பென்சில்வேனியா, மேரிலாந்து இரும்பாலைகள் பெருகியபின், அடித்து வளைக்கத்தக்க தேனிரும்புப் பட்டைகள் உள்ளூரிலேயே கிடைத்தன. 1750 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய இரும்புச் சட்டம், காலனிகளிலிருந்து கச்சா இரும்பும் பட்டை இரும்பும் பிரிட்டனுக்கு வருவதை ஊக்குவித்தது. ஆனால் புதிதாக இரும்பைக் கீறிக் கம்பியாக்கும் ஆலையோ, தகடு தட்டும் ஆலையோ, எஃகு உலையோ அங்கே எழக்கூடாது என்றது. கையால் அடிக்கும் ஊர்க்கொல்லரை அந்தச் சட்டம் நேரடியாகத் தொடவில்லை. ஆனால் நல்ல எஃகு பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தே வந்தது, இரும்பைவிடப் பல மடங்கு விலை. ஆகவே கோடரி, உளி எதுவானாலும் உடம்பு இரும்பு, வாய் மட்டும் எஃகு.

உலைக்கூடம் வீட்டுக்குப் பக்கத்தில், ஆனால் தீப்பொறிக்குப் பயந்து தனிக் கட்டடமாக நிற்கும். செங்கல்லோ கல்லோ வைத்துக் கட்டிய இடுப்பளவு மேடை. அதன் பின்னால் ஆளுயரத் தோல் துருத்தி. அது இரட்டை அறைத் துருத்தி. கீழறை காற்றை உள்ளிழுத்து மேலறைக்கு அனுப்ப, மேலறை மேலே வைத்த பாரத்தால் அமுங்கி இடைவிடாமல் ஊதும். ஒற்றை அறை என்றால் ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் தீ சோர்ந்துவிடும். இரும்பை வைத்து அடிக்கும் அடைகல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கனத்த பொருள்: இரும்பு உடம்பு, மேலே எஃகு முகம். கூடம் இருட்டாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. காய்ந்த இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் சூட்டைக் கணிக்க வேண்டும். வெயில் விழுந்தால் செம்மஞ்சளும் மங்கிய சிவப்பாகத் தெரியும்.

எரிபொருள் மரக்கரி, அல்லது நிலக்கரி. ரிச்மண்டுக்கு அருகே 1700களில் நிலக்கரி வெட்டினார்கள்; இங்கிலாந்திலிருந்தும் கப்பலில் வந்தது. மரக்கரியில் கந்தகம் இல்லை, தீ சுத்தம். ஆனால் சீக்கிரம் எரிந்து தீரும். நிலக்கரி நின்று எரியும், ஆனால் அதன் கந்தகம் இரும்புக்குள் போனால், சிவக்கக் காய்ந்திருக்கும்போது அடித்தால் விரிசல் விடும். இன்னொரு வகைக் கோளாறு தாதிலிருந்தே வருவது: பாஸ்பரஸ் மிகுந்த இரும்பு சூட்டில் நன்றாக வளையும், குளிர்ந்தபின் ஒரே அடியில் முறியும். பட்டை வாங்கும்போது ஒரு முனையில் உளியால் கீறி, குளிர்நிலையில் வளைத்துப் பார்த்தால் போதும். நார் நாராகக் கிழிந்தால் நல்ல இரும்பு. உப்புக்கல் போல மின்னி ஒடிந்தால் வேண்டாம்.

ஆணி அடிப்பதைக் கிட்ட நின்று பார்ப்போம். பயிற்சிச் சிறுவன் முதலில் தேற வேண்டிய வேலை இதுதான். கால் அங்குலச் சதுரக் கம்பியின் நுனியை மஞ்சளாகக் காய்ச்சு. அடைகல்லின் விளிம்பில் வைத்து, கால்வாசி கால்வாசியாகத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் தட்டிக் கூராக்கு. கூரும் தண்டும் இழுத்து முடிந்த இடத்தில் ஒரு சிறு தோள் நிற்க வேண்டும். தலைக்கான இரும்பு அதிலிருந்துதான் வரும். தோளுக்குச் சற்று மேலே, அடைகல் துளையில் செருகிய வெட்டுளிமேல் வைத்து முக்கால்வாசி வெட்டு. ஆணிச்சட்டம் என்ற துளையிட்ட பட்டையின் துளைக்குள் நுழைத்து, கம்பியை முறுக்கி ஒடி. மேலே நீட்டியிருக்கும் மொட்டைச் சுத்தியலால் நாலு பக்கம் சரித்து நாலைந்து அடி. தலை ரோஜா இதழ்போல் பட்டை பட்டையாக விரியும். சட்டத்தைக் கவிழ்த்துத் தட்டினால் ஆணி விழும். இவ்வளவும் ஒரே காய்ச்சலில் முடிய வேண்டும். இரண்டாம் முறை உலைக்குப் போனால் கரியும் நேரமும் நட்டம். இரும்பு ஆறியபின் அடித்தால் தலை பிளக்கும். தோள் சின்னதாக இருந்தால் ஆணி துளைவழியே கீழே நழுவும். கூர் மொண்ணையாக இருந்தால் பலகை பிளக்கும். நார்த்தன்மை கொண்ட தேனிரும்பு என்பதால், கதவின் மறுபுறம் நீட்டிய நுனியை மடக்கி அடித்தாலும் ஆணி ஒடியாது. அதனால்தான் பின்னாளில் இயந்திரம் வெட்டிய ஆணி மலிவாக வந்தபோதும் கதவுக்கு மட்டும் கை ஆணியைத் தேடினார்கள்.

கோடரி அடுத்த படி. பட்டை இரும்பைக் காம்புக் கண்ணின் வடிவிலுள்ள அச்சுக்கட்டையைச் சுற்றி மடித்து, இரு முனைகளையும் சேர்த்து, நடுவில் எஃகுத் துண்டைச் செருகி, தீயில் காய்ச்சி ஒட்டுவார்கள். இங்கேதான் பழக்கமில்லாதவர் தோற்பார். இரும்பு ஒட்டுவதற்கு வெள்ளைச் சூடு வேண்டும், கிட்டத்தட்ட 1300 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் எஃகு கருகிப் பொடியாகும். எனவே இரும்பை முன்கூட்டியே சூடேற்றி, எஃகைப் பின்னால் சேர்த்து, இரண்டும் தத்தம் அளவுக்கு ஒரே நேரத்தில் வந்து சேரும்படி பார்க்க வேண்டும். இரும்பின்மேல் படியும் கிட்டம் ஒட்டைத் தடுக்கும். அதன்மேல் சுத்தமான மணல் தூவினால் இரண்டும் கலந்து சுமார் 1200 டிகிரியில் உருகிக் கண்ணாடிபோல் வழிந்துவிடும். எஃகுக்கு அதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் வெண்காரம். தீயிலிருந்து அடைகல்லுக்கு வரும் ஓரிரு நொடிக்குள் முதல் அடி விழ வேண்டும். முதல் அடிகள் மெதுவானவை: உருகிய கசடு வெளியே பீச்சியடித்த பிறகுதான் பலத்த அடி. எடுத்தவுடன் ஓங்கி அடித்தால் சூடேறிய முகங்கள் சறுக்கிப் பிரியும். கரி குறைந்து தீ பொள்ளலாகி, துருத்திக் காற்று நேராக இரும்பின்மேல் பட்டால் கிட்டம் கூடும், ஒட்டு பிடித்ததுபோல் தெரிந்து முதல் மரத்திலேயே பிளக்கும்.

கடைசியில் துவைச்சல். செக்கச் சிவந்த வாயை நீரில் தோய்த்தால் கண்ணாடிபோல் கடினமாகும், அப்படியே விட்டால் உதிரும். மணற்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கத்துச் சூடு மெல்ல வாய்க்கு வருவதைப் பார்ப்பார்கள். முதலில் வைக்கோல் மஞ்சள், சுமார் 220 முதல் 230 டிகிரி. பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரி அருகே நீலம். கோடரிக்குப் பழுப்பு ஊதாவாக மாறும் இடத்தில் நிறுத்தி மறுபடி தோய்க்க வேண்டும். நீலம் வரை விட்டால் வாய் மடங்கும்; அது சுருள்வில் போன்றவற்றுக்குரிய நிறம்.

இத்தனையும் ஒருவர் செய்யும் வேலை இல்லை என்பது இதற்குள் தெரிந்திருக்கும். துருத்திக்கு ஒரு ஆள், சம்மட்டிக்கு ஒரு ஆள். கொல்லர் இடக்கையில் குறடும் வலக்கையில் சின்னச் சுத்தியலும் பிடித்து, எங்கே விழ வேண்டும் என்று தொட்டுக் காட்ட, எதிரே நிற்பவர் எட்டுப் பத்து பவுண்டு சம்மட்டியை அதே இடத்தில் இறக்குவார். சுத்தியலை அடைகல்லின்மேல் வெறுமனே தட்டினால் “நிறுத்து”. பேச்சு கிடையாது, பேசினால் கேட்கவும் கேட்காது.

அந்தக் கைகளைக் குடும்பம்தான் கொடுத்தது. இங்கே குடும்பம் என்பது அன்றைய பொருளில்: ஒரே கூரையின்கீழ் ஒரே தலைவரின் ஆணைக்குட்பட்ட எல்லாரும். மனைவி, ஆறேழு குழந்தைகள், ஒன்றிரண்டு பயிற்சிச் சிறுவர்கள், சில சமயம் கூலிக்கு நிற்கும் தேர்ந்த வேலைக்காரர் ஒருவர், கப்பல் கூலிக்காக நாலு முதல் ஏழு ஆண்டு உழைக்க எழுதிக்கொடுத்து வந்தவர், அடிமை.

பயிற்சிச் சிறுவன் பெரும்பாலும் 14 வயதுவாக்கில் வந்து 21 வயதுவரை இருப்பான். ஒப்பந்தத்தை ஒரே தாளில் இருமுறை எழுதி, நடுவே நெளிநெளியாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பின்னால் வழக்கு வந்தால் இரண்டு விளிம்பும் பொருந்த வேண்டும். எசமானர் சோறு, துணி, படுக்கை, தொழில், பெரும்பாலும் எழுத்தும் கணக்கும் தர வேண்டும். சிறுவன் தொழில் ரகசியம் காக்க வேண்டும். சூதாடக் கூடாது, சாராயக்கடைக்குப் போகக் கூடாது, கல்யாணம் செய்யக் கூடாது. முடிந்து போகும்போது ஒரு புதுத் துணிச்சோடியாவது கிடைக்கும். அநாதைப் பிள்ளைகளை நீதிமன்றமே இப்படிக் கட்டிவைத்தது. அவர்களுக்குக் கேட்க ஆள் இல்லை என்பதால் ஒப்பந்தம் மீறப்பட்டதும் அவர்களிடமே அதிகம்.

இனி மனைவி. ஒப்பந்தத்தில் “சோறும் துணியும்” என்று ஒரு சொல்லில் முடிந்துபோவது, வீட்டில் அவருடைய முழு நாள். எட்டுப் பத்துப் பேருக்கு அடுப்பு, பசு, தோட்டம், கோழி, நூற்பு, தையல், சாம்பல் காரநீரும் கொழுப்பும் காய்ச்சிச் செய்யும் சோப்பு. கரியும் பொறி ஓட்டையும் ஏறிய சட்டைகள் அந்தச் சோப்பை விழுங்கிவிடும். கொல்லர் வயலிலோ நீதிமன்றத்திலோ இருந்தால் வருகிறவர்களிடம் பேசி, சாமானை வாங்கி வைத்து, கடன் சொன்னவரை நினைவில் வைத்துக்கொள்வதும் மனைவிதான். சட்டத்தின் கண்ணில் மட்டும் கணவர் இருக்கும்வரை மனைவி பெயரில் ஒப்பந்தமோ சொத்தோ கிடையாது. குழந்தைகள் ஏழெட்டு வயதில் கரி சுமப்பார்கள், துருத்தி ஊதுவார்கள், பழைய ஆணிகளை நிமிர்த்துவார்கள். மாசசூசெட்ஸ் கிராமத்து மக்கள் புகைபோக்கி மூலையில் சிறு உலை கட்டி, குளிர்கால இரவுகளில் பிள்ளைகள்கூட ஆணி அடிக்கிறார்கள் என்று ஃபிஷர் ஏம்ஸ் என்ற உறுப்பினர் 1789 இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சொன்னார்.

தொழில் மகனுக்குப் போவது வழக்கம், ஆனால் எல்லா மகனுக்கும் இடம் இருக்காது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் முன்னோர் இங்கிலாந்தின் எக்டன் கிராமத்தில் சுமார் 30 ஏக்கரும் ஓர் உலையும் வைத்திருந்தவர்கள். மூத்த மகன் மட்டும் கொல்லராவது அவர்கள் வழக்கம், மற்றவர்கள் வேறு தொழில் தேட வேண்டியதுதான். அமெரிக்காவில் நிலம் இருந்ததால் இளையவர்கள் அடுத்த ஊருக்கு நகர்ந்தார்கள். நியூ இங்கிலாந்தில் பல ஊர்கள் கொல்லரை இழுக்க நிலமே கொடுத்தன. பூர்வகுடி அரசுகளும் கொல்லரைக் கேட்டுப் பெற்றன. பென்சில்வேனியாவின் ஷமோகினில் தலைவர் ஷிகெல்லமியின் வேண்டுகோளுக்கு இணங்க மொராவிய கிறிஸ்தவ சபையார் 1747 இல் உலை அமைத்தார்கள். துப்பாக்கி பழுது பார்க்க அதற்குமுன் நெடுந்தூரம் போக வேண்டியிருந்தது.

அடிமைக் கொல்லரின் குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. தெற்கில் பெரிய தோட்டங்களின் உலைகளில் பெரும்பாலும் அடிப்பவர்கள் கறுப்பின மக்கள். கையில் உயர்ந்த தொழில் இருந்தும், அவர்களுடைய திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. வர்ஜீனியாவின் 1662 சட்டப்படி குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும். தாய் அடிமை என்றால் தகப்பன் யாராக இருந்தாலும் பிள்ளை அடிமை. மகனுக்குச் சுத்தியல் பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம், பட்டறையைக் கொடுக்க முடியாது. கற்றுத் தேர்ந்த மகனுக்கு விலைதான் ஏறும். வெளியே கூலிக்கு அனுப்பினால் கூலி உடைமையாளருக்கு. 1776 இல் ரிச்மண்டுக்கு அருகே பிறந்த கேப்ரியல் அப்படி வாடகைக்கு விடப்பட்ட கொல்லர், எழுத்தறிந்தவர். அண்ணன் சாலமனும் கொல்லர். 1800 இல் விடுதலைக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டபோது அரிவாள் அலகுகளை வாள்களாக அடித்தது அவர்களுக்குத் தெரிந்த தொழில்தான். திட்டம் காட்டிக்கொடுக்கப்பட்டு, அந்த அக்டோபரில் கேப்ரியல் தூக்கிலிடப்பட்டார்.

வருமானம் நாணயமாக வந்தது குறைவு. கணக்குப் புத்தகத்தில் இடப்பக்கம் “கொழு தட்டியது, கீல் இரண்டு”, வலப்பக்கம் சோளம், ரை தானியம், புகையிலை, விறகு, ஒரு நாள் அறுவடை வேலை. ஆண்டு முடிவில் உட்கார்ந்து நேர் செய்வார்கள், சில கணக்குகள் பல ஆண்டு நேராகாமலே ஓடும். வேலையும் பருவத்தோடு மாறும்: வசந்தத்துக்கு முன் கொழுவும் சங்கிலியும், கோடையில் அறுவடை அரிவாள், பனிக்கு முன் வழுக்காதிருக்க நுனி வைத்த லாடம். அதனால் கொல்லரும் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் உழுதார். கோதுமை விளைகிற காலத்தில் அவருக்கும் அறுவடை உண்டு. நகரத்தில் வேறு நிலை. வர்ஜீனியாவின் அன்றைய தலைநகரான வில்லியம்ஸ்பர்கில் 1766 முதல் காலனியின் ஆயுதப் பழுது வேலையைப் பார்த்த ஜேம்ஸ் ஆண்டர்சனுக்கு அரசே பெரிய வாடிக்கையாளர். புரட்சிப் போர் வந்ததும் அவருடைய உலைகள் பெருகின. 1780 இல் தலைநகரத்தோடு அவரும் ரிச்மண்டுக்குப் போனார்.

கொல்லர் இறந்தால் அண்டையார் வந்து வீட்டுச் சாமானைப் பட்டியல் போடுவார்கள். அடைகல், துருத்தி, இறுக்கிப் பிடிக்கும் பிடிசிராவி, குறடுகள், சம்மட்டி, “பழைய இரும்பு இத்தனை பவுண்டு”. பல வீடுகளில் அதற்கு அடுத்து மிக நீளமான பகுதி, வரவேண்டிய கடன்கள். வர்ஜீனியாவில் உயில் இல்லையென்றால் நிலம் மூத்த மகனுக்கு. மாசசூசெட்ஸில் எல்லாப் பிள்ளைக்கும் பங்கு, மூத்தவனுக்கு மட்டும் இரட்டைப் பங்கு. கைம்பெண்ணுக்கு ஆயுள் உள்ளவரை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு. கணவர் போனபின்தான் அவர் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பு வந்தது: கடன் வசூலிக்கலாம், வழக்குப் போடலாம், பயிற்சிச் சிறுவனையும் கூலியாளையும் வைத்துத் தொழிலை நடத்தலாம். உலையை அணைத்துவிட்டால் கடன் தர வேண்டியவர்கள் வர மாட்டார்கள் என்பதும், சிறுவனின் ஒப்பந்தம் வீணாகும் என்பதும் அவருக்குத் தெரியும். 1754 இல் பாஸ்டன் செய்தித்தாளில் மேரி சாமன் என்ற பெண் விளம்பரம் கொடுத்தார்: குதிரைக்கு லாடம் அடிக்கும் தொழிலை முன்புபோலவே தொடர்ந்து நடத்துகிறேன், எல்லாவகைக் கொல்லு வேலையும் நேர்மையாகவும் விரைவாகவும் செய்து தரப்படும் என்று.